ஜாடி கை மாறின கதை

“அண்ணே, இது அசல் பழசா? எத்தனை வருஷம் இருக்கும்?” ஜாடி கேட்டு வர்ற நகரத்து நண்பர்கள் எல்லாரும் முதல்ல கேட்கிறது இதைத்தான்.

வயசை ஓரளவுக்குச் சொல்லிடலாம். ஆனால் ஜாடியைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. இது எத்தனை கை மாறி வந்திருக்கு, ஏன் மாறுச்சு? மூணு தலைமுறையா எங்க வீட்டுல விவசாயத்தோட சேர்த்து, பழைய பீங்கான் வாங்கி விக்கிறதும் ஒரு தொழில். காரைக்குடிக்கு சைக்கிள் மிதிச்சே போயிடலாம், அவ்வளவு பக்கத்துல எங்க ஊர். வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினா ஒரு போகம் நெல்லு, பெருகாட்டி அதுவும் இல்லை. மீதி மாசத்துக்கு எங்க ஐயா (எங்க பக்கம் அப்பாவைப் பெத்தவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பிடிச்ச வேலை இது. அவர் வழியா அப்பாவுக்கு வந்து, அப்பா வழியா எனக்கு வந்தது.

இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்ச விஷயம் ஒண்ணுதான். ஜாடின்னா அது எப்பவுமே பழைய சாமான்தான். இன்னைக்கு நேத்து அப்படி ஆகலை, கப்பல் ஏறி வந்த காலத்துலேயே அப்படித்தான்.

சாடி, பீங்கான், மர்தபான்

முதல்ல பேரைப் பார்ப்போம். ஜாடி என்பது பழைய தமிழ்ச் சொல்லான ‘சாடி’தான். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே மது ஊறுகிற பாத்திரமாக சாடி வருகிறது. ‘பீங்கான்’ வேற வழி. கிண்ணத்தைக் குறிக்கிற பாரசீகச் சொல் அது, வியாபாரத்தோட நம்ம பேச்சுக்குள்ள வந்து ஒட்டிக்கிச்சு. கேரளாவில் இதே ஜாடிக்கு ‘சீன பரணி’ என்று பேர். வடக்கே போனால் ஊறுகாய் ஜாடியை ‘மர்தபான்’ என்பார்கள்.

இந்த மர்தபான்லதான் விஷயமே இருக்கு. அது ஒரு ஊரோட பேர். கீழ் பர்மாவில் மார்தபான் என்று ஒரு துறைமுகம், இன்னைக்கு மோட்டமா என்கிறார்கள். மேலே பளபளன்னு கறுப்பு, பழுப்புப் பூச்சு பூசின ஆளுயரப் பெரிய ஜாடிகள் அந்தத் துறைமுகம் வழியா கப்பல் ஏறின. பர்மாவில் செஞ்சதும் உண்டு, சீனாவில் செஞ்சு அந்த வழியா வந்ததும் உண்டு. எங்கே செஞ்சதானாலும் வாங்கினவன் வாயில் நின்ன பேர் துறைமுகத்தோட பேர்தான். 14ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றின இபின் பதூதா, கீழ்க்கடல் பயணத்தில் ஓர் அரசி தனக்கு நாலு மர்தபான் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். உள்ளே என்ன இருந்ததாம் தெரியுமா? கப்பலில் வைத்துச் சாப்பிட உப்பில் ஊறப்போட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய். எழுநூறு வருஷம் ஆகப்போகுது, ஜாடிக்குள்ள இருக்கிற பண்டம் மாறவே இல்லை பாருங்க.

அந்த ஜாடி சரக்கு கிடையாது. சரக்கு ஏத்துற பாத்திரம். எண்ணெயும், உப்புக்கண்டமும், குடிதண்ணியும் அதுல வந்து இறங்கும். உள்ளே இருந்தது தீர்ந்ததும் காலி ஜாடியைத் துறைமுகத்திலேயே ஒருத்தன் வாங்குவான், அவன்கிட்ட இருந்து உள்நாட்டுக்காரன் வாங்குவான். இன்னைக்கு மளிகைக் கடையில் காலி எண்ணெய் டின் வாங்குற கதைதான். அதனாலதான் சொல்றேன், நம்ம ஊர் வந்து சேரும்போதே அது பழைய சாமான்.

இதுக்குத் தடயம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பெரியபட்டினம் இருக்கு. 1980களில் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. சீனாவின் லாங்சுவான் பகுதியில் செஞ்ச பச்சைப் பூச்சுப் பீங்கான், வெள்ளை, நீலமும் வெள்ளையும் கலந்தது என்று பல வகை. தமிழ்க் கல்வெட்டுகளில் ஊறின ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இந்த ஓடுகளைப் பற்றி விரிவாக ஆய்வு செய்தார். மதுரை சுல்தான் காலத்தில் நம்ம பக்கம் வந்த இபின் பதூதா ‘பத்தன்’ என்று எழுதிய துறைமுகம் இந்தப் பெரியபட்டினமாகவே இருக்கலாம் என்று கருதுகிறவர்களும் உண்டு.

எங்க ஊர்ப் பிள்ளைகள் பாண்டி ஆட எடுக்கிற சில்லு இருக்கே, உடைஞ்ச பீங்கான் ஓட்டைத் தேய்ச்சு வட்டமாக்கினது, அதே மாதிரி ஓட்டை வச்சுத்தான் ஒரு துறைமுகத்தோட காலத்தைக் கணிச்சிருக்காங்க. பீங்கான் மக்காது, துரு ஏறாது. மண்ணுக்குள்ள கிடந்தாலும் பூச்சு அப்படியே இருக்கும்.

பித்தளை எடைக்குப் போகும், ஜாடி போகாது

சமையல்கட்டுல ஜாடிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? காரணம் எளிசு. உப்பும் புளிப்பும் சேர்ந்தா பித்தளை களிம்பேறும், இரும்பு அரிச்சுப்போகும். மண் பானையோட உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத துளை. குடிதண்ணிக்கு அது நல்லது, தண்ணி கசிஞ்சு கசிஞ்சு குளிர்ந்துடும். ஊறுகாய்க்கு அதுவே கெடுதல். உப்பு அந்தத் துளை வழியா வெளியே வந்து பூத்து, கொஞ்ச நாள்ல பானையே பொரிஞ்சு உதிரும். எங்க மாவட்டத்து மானாமதுரையில் செய்யற கடம் கச்சேரி மேடை வரைக்கும் போகுது. ஆனா அதே மண்ணுல செஞ்ச பானையில் ஒரு வருஷ நார்த்தங்காயை வைக்க முடியாது.

ஜாடி மண்ணு வேற, சூளையும் வேற. சாதாரண மண் பாத்திரம் ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே வெந்துடும். ஜாடிக்கு 1200 டிகிரி செல்சியஸ், அதுக்கு மேலேயும் வேணும். அந்தச் சூட்டுல மண்ணே பாதி கண்ணாடி மாதிரி இறுகிடும், தண்ணி உள்ளே இறங்காது. சில சூளைகளில் சூடு உச்சத்துல இருக்கிறப்போ சாப்பாட்டு உப்பையே உள்ளே அள்ளிப் போடுவாங்க. உப்பு ஆவியாகி மண்ணுல இருக்கிற மணல் சத்தோட சேர்ந்து மேலே கண்ணாடிப் படலமா படியும். ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி பொடிப்பொடியா புள்ளி தெரியும் பாருங்க, அதுதான் உப்புப் பூச்சு. உப்புல பிறந்த பாத்திரம் உப்பைத் தாங்குது.

அடுத்து சொல்லப்போறதை நகரத்து நண்பர்கள் கொஞ்சம் கவனிக்கணும். ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’னு கூவிட்டு வந்தவரை உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். பித்தளை, செம்பு, ஈயம் எதுவா இருந்தாலும் அவர்கிட்ட தராசு உண்டு. நசுங்கினாலும் ஓட்டையானாலும் எடைக்கு ஒரு விலை உண்டு. உருக்கினா திரும்ப உலோகம். ஜாடியை யாரும் எடைக்கு வாங்க மாட்டாங்க. முழுசா இருந்தா ஜாடி, உடைஞ்சா சில்லு. நடுவுல ஒரு விலை கிடையாது.

அதனால கஷ்டம் வந்த வீட்டுல சாமான் ஒரு வரிசையில வெளியேறும். முதல்ல தங்கம், அப்புறம் வெள்ளி, அப்புறம் பித்தளை. கடைசியில் மிஞ்சுறது ஜாடியும் பீங்கான் தட்டும். ஜாடி வெளியே வருதுன்னா அந்த வீட்டுல விக்கிறதுக்கு வேற ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். எங்க ஐயாவுக்கு இது தெரியும். வாங்கப் போற வீட்டு வாசப்படி மிதிக்கிறப்பவே தெரியும்.

பர்மா நெல்லும் செட்டிநாட்டு ஜாடியும்

எங்க பக்கத்து ஜாடிகளோட கதையைச் சொல்லணும்னா பர்மாவுக்குப் போயே ஆகணும்.

1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போச்சு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தாங்க. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிஞ்சது. ஐராவதி டெல்டாவில் காட்டை அழிச்சு நெல் போட்டாங்க. காட்டை அழிக்க, மாடு வாங்க, விதை வாங்க அந்த ஊர் விவசாயிக்குப் பணம் வேணும். வெள்ளைக்கார பேங்க் அவனுக்குக் கொடுக்காது. கொடுத்தவங்க நம்ம பக்கத்திலிருந்து போன நகரத்தார்.

அந்த வட்டிப் பணம்தான் செட்டிநாட்டு வீடுகளா எழும்பினது. பர்மா தேக்கு, இத்தாலி பளிங்கு, ஜப்பான் பூ ஓடு, ஸ்வீடனிலும் செக்கோஸ்லோவாகியாவிலும் செஞ்ச எனாமல் பாத்திரம் என்று கப்பல் கப்பலா வந்து இறங்கின. ஒரு தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல்னு நீளமான வீடுகள். பெண்ணுக்குக் கல்யாணம்னா சீர் சாமானைப் பரப்பி வைப்பாங்க. பித்தளை, வெண்கலம், எனாமல், பீங்கான், பெருசும் சிறுசுமா ஜாடி வரிசை. ஊறுகாய்க்கு, புளிக்கு, நெய்க்கு, எண்ணெய்க்கு, உப்புக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி ஜாடி. அதெல்லாம் பெண்ணோட சொத்து.

நானும் நெல்லு போடுறவன், அதனால இந்தக் கதையில மறுபக்கம் இருக்கிறவனையும் நினைக்காம இருக்க முடியலை. 1930களில் உலகம் முழுக்க மந்தம். நெல் விலை பாதாளத்துக்குப் போச்சு. பர்மா விவசாயியால கடனைக் கட்ட முடியலை, நிலம் கடன் கொடுத்தவங்க கைக்குப் போச்சு. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம் நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். அவங்க நிலம் சேர்க்கப் போனவங்க இல்லை, பணம் திரும்பி வரணும்னு நினைச்சவங்கதான். ஆனா நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் என்ன பண்ணப்போகுது? அறுப்பு அறுத்தும் கடன் தீராத வருஷம் எப்படி இருக்கும்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அப்புறம் சக்கரம் சுத்தினது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பினாங்க. 1948இல் பர்மா விடுதலை அடைஞ்சது, நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டங்கள் வந்தன. 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடிச்சு, அடுத்த ஓரிரு வருஷத்துல கடை, பேங்க் எல்லாத்தையும் அரசுடைமை ஆக்கினார். இங்கே அரண்மனை மாதிரி வீடு இருக்கு, அங்கே கணக்குப் புஸ்தகத்துல மட்டும் சொத்து இருக்கு. ‘அசல்’ என்கிற சொல்லுக்கு அந்த வீடுகளில் வட்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற முதல் பணம்னு அர்த்தம். அந்த அசலே திரும்பி வரலை.

வீட்டுக்கோ பல பங்காளிகள். ஒரு வீட்டுக்கு ஓட்டு மாத்துறதே ஒரு ஊர் செலவு. பிள்ளைகள் மெட்ராஸுக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டாங்க. பங்கு பிரிக்கையில் வீட்டைப் பிரிச்சாங்க, வீட்டைப் பிரிக்கையில் சாமானும் வெளியே வந்தது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்னைக்கு நீங்க பார்க்கிற பழம்பொருள் கடைகளுக்கு மூலம் இதுதான்.

வண்டி இருந்தது, வைக்கோல் இருந்தது

விவசாயி எப்படி ஜாடி வியாபாரி ஆனான்? எங்க ஐயாகிட்ட ரெண்டு இருந்தது: மாட்டு வண்டியும் வைக்கோலும். ஜாடி ஏத்த இது ரெண்டும் இல்லாம ஆகாது. தை அறுப்பு முடிஞ்சா ஆடி வரைக்கும் வண்டி சும்மா நிக்கும். முதல்ல கூலிக்குத்தான் போனார். பிரிச்ச வீட்டுச் சாமானைக் காரைக்குடிக் கடையில் கொண்டுபோய் இறக்குறது. அந்தக் காலத்துக் கடைக்காரங்களுக்குக் கதவு, தூண், தேக்கு உத்திரம் வேணும். பெரிய ஜாடி இடத்தை அடைக்குதுன்னு ஒதுக்குவாங்க. கூலிக்குப் பதிலா ரெண்டு ஜாடியை எடுத்துக்கோன்னு சொல்லுவாங்க. அப்படித்தான் எங்க வீட்டுக்கு முதல் ஜாடி வந்தது.

அதைச் சோதிச்சது அப்பத்தா. ஜாடியைத் தரையில் வைக்காம, உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிச்சு விரல் முட்டியால தட்டும். கணீர்னு மணிச் சத்தம் வந்தா முழு ஜாடி. மொத்துன்னு சத்தம் வந்தா எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணி ஊத்திச் சாம்பல் மேல வைக்கும். காலையில் சாம்பல் நனைஞ்சிருந்தா அது தவிட்டுக்கு, நனையலைன்னா எண்ணெய்க்கு. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனா எந்த ஜாடி எதுக்கு ஆகும்னு அது சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க.

விக்கிறதுக்கும் பருவம் உண்டு. மாசி, பங்குனியில் மாவடு. சித்திரை, வைகாசியில் ஆவக்காய் போடுற மாங்காய். அந்த நாலு மாசம்தான் ஜாடி நகரும். விவசாய வேலை இல்லாத அதே நாலு மாசம்! வாங்குறவங்களும் எங்களை மாதிரி ஆளுங்கதான். புளி அடைக்க ஒருத்தர், நெய் சேர்க்க ஒருத்தர், லேகியம் கிண்டுற வைத்தியர் ஒருத்தர். காசு குறைச்சல், நெல்லுதான் கணக்கு. ரெண்டு மரக்கால் நெல்லுக்கு ஒரு நடுத்தர ஜாடின்னு ஐயா கொடுத்ததா அப்பா சொல்லுவார். கல்யாணச் சீர்ல பரப்பி வச்ச ஜாடி, குடிசையில் புளி ஜாடியா ஆச்சு. யாரும் அதைக் குறைவா நினைக்கலை. பழைய ஜாடியில்தான் ஊறுகாய் கெடாதுன்னு ஒரு நம்பிக்கை வேற.

அப்பா காலத்துல நிலைமை மாறிடுச்சு. பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வர் தூக்கும் வந்தாச்சு. ஊர்ல ஜாடி கேட்பார் இல்லை. எங்க மாட்டுக் கொட்டகைப் பரண்ல வைக்கோலுக்கு நடுவே வருஷக்கணக்கா கிடந்தது. அப்புறம் ஹோட்டல்காரங்க, சினிமாவுக்கு செட் போடுறவங்க, கடைசியா உங்களை மாதிரி அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்கன்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. இப்போ அது அலங்காரம். நெல்லு கணக்கு போய் ரூபாய் கணக்கு வந்தது. ஒரு ஜாடி வித்த காசு சில வருஷம் எங்க உரச் செலவுக்கு ஆகியிருக்கு. மழை பொய்ச்ச வருஷத்துல அதுதான் சோறு போட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பின்வாசல்

ஐயா ஒரு சட்டம் வச்சிருந்தார். ஜாடி வாங்கப் போனா முகப்புல நிக்கக் கூடாது. விளக்கு வச்சப்புறம் பின்வாசல். அங்கே வச்சு பேரம் பேசக் கூடாது. ஆச்சி சொல்ற விலை கட்டுப்படியாச்சுன்னா வாங்கு, இல்லாட்டி “அப்புறம் வர்றேன் ஆச்சி”ன்னு சொல்லிட்டு வா. வண்டியில் ஏத்தினதும் மேல வைக்கோலை மூடு. எந்த வீட்டுச் சாமான்னு எவன் கேட்டாலும் வாயைத் திறக்காதே.

பேர் எழுதின சாமான்னா இன்னொரு வேலையும் உண்டு. பித்தளையில் பேர் வெட்டியிருப்பாங்க, ஜாடியில் சில பேர் பெயிண்ட்ல எழுத்துப் போட்டிருப்பாங்க. அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் விப்பார் ஐயா. வீட்டு மானம் ஊர்ச் சந்தையில் நிக்கக் கூடாதுன்னு.

இன்னைக்கு வாங்க வர்ற ஆய்வாளரோ சேகரிப்பாளரோ முதல்ல கேட்கிறது அந்தப் பேரைத்தான். எந்த ஊர், எந்த வீடு, எந்த வருஷக் கல்யாணம்? அது தெரிஞ்சா அது வரலாறு, தெரியாட்டி வெறும் ஜாடி. பெரியபட்டினத்து ஓட்டுக்குக் கிடைச்ச மரியாதைகூட, அது எந்தக் குழியில எந்த ஆழத்துல கிடந்ததுன்னு எழுதி வச்சதனாலதான். அதே மாதிரி ஓடு சந்தைக்கு வந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் சொல்லியிருக்காது. எங்க ஐயா காப்பாத்தின மானமும் அந்த வரலாறும் ஒரே பெயிண்ட்ல இருந்தது. ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணைச் சுரண்ட வேண்டியிருந்தது.

அப்பா காலத்துல ஒரு தடவை சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க. கொட்டகையில் ஜாடிகளை ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே வந்து ஒண்ணுக்கு முன்னால நின்னாங்க. கழுத்துக்குக் கீழே பூச்சு வழிஞ்சு ஒரு சொட்டு மாதிரி உறைஞ்சிருந்த ஜாடி. “இது எந்த வீட்டுதுங்க? எங்க ஆச்சி வீட்டுல இப்படி ஒண்ணு இருந்துச்சு”ன்னாங்க. அப்பாவுக்குத் தெரியும். வாங்கின அன்னைக்கு வண்டியில் கூட இருந்தவர் அவர். “வீட்டுப் பேர் சொல்றதில்லைம்மா”ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, “வாங்குறப்போ உள்ளே அரை ஜாடி உப்பு நார்த்தங்காய் இருந்துச்சு. அதையும் எங்ககிட்டயே கொடுத்துட்டாங்க. அந்த வருஷம் பூரா நாங்க அதைத்தான் சாப்பிட்டோம்”னு மட்டும் சொன்னார். அந்த அம்மா அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலை. விலையைக் கொடுத்து ஜாடியை மடியிலேயே வச்சுக்கிட்டுப் போனாங்க.

ஜாடியைப் படிக்கிறது எப்படி

சரி, வாங்குறவங்களுக்குப் பயன்படுற நாலு விஷயம்.

அடியைப் பாருங்க. ஜாடியோ தட்டோ, தரையில் படுற விளிம்புலதான் வயசு இருக்கும். நிஜமான தேய்மானம் ஒரே சீரா இருக்காது. அழுத்தம் விழுற பக்கம் அதிகமா, மறுபக்கம் குறைவா தேய்ஞ்சிருக்கும். டீத்தண்ணியும் சேறும் பூசிப் பழசாக்கினது சுத்தி ஒரே நிறமா இருக்கும். ஈரத்துணியால துடைச்சா கையோட வந்துடும்.

முத்திரையைப் பாருங்க. 1891இல் அமெரிக்காவில் இறக்குமதிச் சரக்கில் நாட்டுப் பேர் இருக்கணும்னு சட்டம் வந்தது. அதுக்கப்புறம்தான் நாட்டுப் பேர் போடுற வழக்கம் பரவுச்சு. ‘செக்கோஸ்லோவாகியா’ன்னு இருந்தா 1918க்குப் பிறகு, அந்த நாடு பிரியறதுக்கு முன்னால, அதாவது 1992க்குள். ‘வெஸ்ட் ஜெர்மனி’ன்னு இருந்தா 1949க்கும் 1990க்கும் நடுவே. ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’னு இருந்தா ஜப்பான் அமெரிக்கப் படைக் கட்டுப்பாட்டில் இருந்த சில வருஷம், 1952க்கு முன்னால. நாடு உடைஞ்சாலும் தட்டு உடையலை பாருங்க.

முத்திரை இல்லாத பழுப்பும் வெள்ளையுமான ஊறுகாய் ஜாடி எல்லாம் சீனத்து ஜாடின்னு நினைக்காதீங்க. வங்காளத்து ராணிகஞ்ச், உத்தரப்பிரதேசத்து குர்ஜான்னு நம்ம நாட்டிலேயே செஞ்சது ஏராளம். நம்ம பக்கம் ராணிப்பேட்டையிலும் விருத்தாசலத்திலும் பீங்கான் தொழில் நடந்திருக்கு. நம்ம ஊர்ல செஞ்சதுங்கிறதால மதிப்பு ஒண்ணும் குறையாது. ஊறுகாய்க்குத் தெரியுமா அது எந்த ஊர் மண்ணுன்னு?

எல்லாப் பழைய பாத்திரத்திலும் சாப்பாட்டுப் பண்டம் வைக்காதீங்க. குறைஞ்ச சூட்டில் சுட்ட பழைய பூச்சுகளில், முக்கியமா பளிச்சுனு சிவப்பு, மஞ்சள் நிறத்தில் இருக்கிறதில், ஈயம் இருக்கலாம். புளிப்பு அதை இழுத்துடும். விரிசல் விட்டது, பூச்சு உரிஞ்சது, வகை தெரியாதது எல்லாம் குடை வைக்கவும் செடி வைக்கவும் போதும்.

சட்டமும் ஒண்ணு உண்டு. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதை வியாபாரம் செய்யறதுக்கும் உரிமம் வேணும். எங்க கையில் இப்போ வர்றது பெரும்பாலும் 1930, 40களுக்குப் பிந்தினது. அதுக்கு முந்தினதுன்னு சந்தேகம் வந்தா உரிமம் உள்ள கடைக்காரரைக் காட்டிவிட்டுடுவேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்போ நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன். வீட்டுப் பேர் எழுத மாட்டேன், அது ஐயா கொடுத்த வாக்கு. ஆனா எந்த ஊர்ப் பக்கம், எந்தப் பத்தாண்டுல வீட்டைவிட்டு வந்தது, வாங்குறப்போ உள்ளே என்ன இருந்தது, விரிசல் எங்கேன்னு நாலு வரி எழுதி, அதுல ஒரு படி வாங்குறவங்க கையில கொடுத்துடுறேன். விக்கிற ஆச்சி அவங்களாவே “எங்க வீட்டுப் பேரைப் போடுப்பா, இருக்கட்டும்”னு சொன்னா அதையும் எழுதுறேன். இப்போ இருக்கிற தலைமுறையில் அப்படிச் சொல்றவங்க இருக்காங்க. அந்த மாதிரி ஜாடியில் பெயிண்ட் எழுத்தைத் தொடுறதில்லை.

நீங்களும் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஜாடிக்குள்ளேயே போட்டு வைங்க. நாளைக்கு உங்க பேத்தி அதை விக்கலாம், யாருக்காவது கொடுக்கலாம். அதுல தப்பே இல்லை, கை மாறித்தான் அது இவ்வளவு தூரம் வந்திருக்கு. வாங்குறவங்க கையில ஜாடியோட நாலு வரியும் சேர்ந்து போகணும், அவ்வளவுதான். அடியில உங்க வரி ஒண்ணையும் எழுதி வைங்க: எந்த வருஷம் வாங்கினீங்க, அதுல என்ன வச்சீங்கன்னு.

முடிஞ்சா வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாவடு போடுங்க. வெறும் ஜாடி தூசிதான் சேர்க்கும்.